பிடித்த நூலைச் சொன்னால் போதாது, திணறிய இடத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல தொழில்களில் இருப்பவர்களிடம் 'உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாமல் கடந்த ஓராண்டில் படித்ததில் பிடித்த நூல் எது?' என்று கேட்டு, ஆண்டிறுதிப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். கேள்வி அருமை. பதில்கள்தாம் ஏமாற்றிவிட்டன. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பிறகு 'கீழே வைக்க மனமில்லை', 'அனைவரும் படிக்க வேண்டியது'. அவ்வளவே. இதை நம்பி நூலை வாங்குகிறவர் மூன்றாம் அத்தியாயத்தில் கீழே வைத்துவிட்டு, 'நமக்கு மண்டையில் ஏறாது' என்று தன்னையே நொந்துகொள்வார். குறை அவர் மண்டையில் இல்லை, பரிந்துரையில் இருக்கிறது.

சொந்தத் துறை என்றால் நமக்கு ஒரு மோப்பம் உண்டு. மருத்துவ நூல் ஒன்றை மருத்துவர் நாலு பக்கம் புரட்டினாலே எது பழைய கதை, எது ஊகம், எந்த இடத்தில் ஆசிரியர் மழுப்புகிறார் என்பது தெரிந்துவிடும். அதே மருத்துவர் பாலங்களைப் பற்றிய நூலை எடுத்தால் அச்சில் வந்ததெல்லாம் வேதவாக்கு. ஆகவே துறைக்கு வெளியிலிருந்து ஒரு நூலைப் பரிந்துரைப்பவர், என்ன தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும், எந்த இடத்தில் கால் இடறும், எது காலாவதியாகிவிட்டது, எந்தப் பதிப்பு என்ற விவரங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பரிந்துரை. ஒரு நூலுக்கு ஏழெட்டு வரி கூடும், அவ்வளவுதான். எப்படி இருக்கலாம் என்பதற்குச் சில நூல்களையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், யாரும் துணிந்து எடுக்கக்கூடிய ஒன்று. மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய 6 உரைகள், வில்லியம் குரூக்ஸ் பதிப்பில் 1861-ல் 'மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு' என்ற நூலாயின. முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி தேவை. முதல் உரையிலேயே ஒரு சோதனை வருகிறது. எரியும் வர்த்தியை ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் குச்சி ஒன்றைத் திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அந்தப் புகையில் காட்டினால் நெருப்பு புகைவழியே ஓடிப்போய்த் திரியைப் பற்றும். அது புகையே அன்று, மெழுகின் ஆவி என்பது அந்தக் கணத்தில் விளங்கிவிடும். பலருக்கு இது முதல் தடவை வாய்ப்பதில்லை. காரணங்கள் மூன்று. காற்றாடி ஓடினால் ஆவி கலைந்துவிடும். 'உஃப்' என்று பலமாக ஊதினாலும் அப்படியே. அணைத்தபின் தீக்குச்சியைத் தேடினால் அதற்குள் திரி ஆறி ஆவி நின்றுபோகும். இரண்டாவது சுடரை முன்பே கொளுத்திக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். இந்த ஒரு குறிப்பைப் பரிந்துரைத்தவர் எழுதியிருந்தால் எத்தனை பேர் அந்த நூலோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள்!

அதே நூலில் ஒரு பொறியும் இருக்கிறது. பிற்பகுதி உரைகளில் 'கார்பானிக் அமிலம்' என்ற பெயர் அடிக்கடி வரும். அக்கால வழக்கில் அது கார்பன் டை ஆக்சைடைக் குறித்தது. பள்ளியில் படித்த வேதியியல் அரைகுறையாக நினைவிருப்பவர்தாம் இதில் அதிகம் குழம்புவார். மூச்சுவிடும்போது அமிலமா வெளியே வருகிறது என்று நின்றுவிடுவார். நூலின் முன்தாளில் பென்சிலால் 'கார்பானிக் அமிலம் = கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதிக்கொண்டு தொடங்கினால் தீர்ந்தது.

அடுத்து, சார்லஸ் டார்வினின் கடைசி நூல். மண்புழுக்களைப் பற்றியது. 1881-ல் வெளிவந்தது. அவருடைய பெயரைக் கேட்டதும் பரிணாமத்தைப் பற்றிய பெரிய நூலில் கைவைத்துத் தோற்றவர்கள் இதில் தொடங்கலாம். தலைப்பே முதல் தடை. ஆங்கிலத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'காய்கறிப் பூஞ்சணம்' உருவாவதைப் பற்றிய நூல் என்று ஆகிவிடும். இயந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள் கவனிக்க. அங்கே சொல்லப்படுவது வளமான மேல்மண். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க டார்வின் சீழ்க்கை ஊதியும் பியானோ வாசித்தும் பார்க்கிறார், அவை சட்டை செய்யவில்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் விருட்டென்று வளைக்குள் போய்விட்டன. ஒலிக்கு அசையாதது அதிர்வுக்கு அசைகிறது. தாளை முக்கோணங்களாக நறுக்கிப் போட்டு, எந்த முனையைப் பிடித்து வளைக்குள் இழுக்கின்றன என்றும் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் கூர்முனைதான்.

இந்த நூலைப் பென்சிலோடு படிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்குலம், ஏக்கர், டன். 1842 டிசம்பர் 20 அன்று ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகள் பரப்பப்பட்டன. 29 ஆண்டு கழித்து, 1871 நவம்பரில், குழி வெட்டிப் பார்த்தபோது அந்த வெள்ளை வரிசை 7 அங்குல ஆழத்தில் கிடந்தது. 7 அங்குலம் என்பது 178 மில்லிமீட்டர், 29-ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். இன்னோர் இடத்தில், ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் உலர்ந்த மண் புழுக்களின் உடல் வழியே போகிறது என்கிறார். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. ஆகச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. பரப்பினால் சுமார் 2 மில்லிமீட்டர்தான் வரும். 6 எங்கே, 2 எங்கே?

இந்த முரண்பாட்டில் இடறுகிறவர்தான் நூலைச் சரியாகப் படிக்கிறார். திரும்பிப் போய்ப் பார்த்தால், 10 டன் என்பது 'அதற்கும் மேல்' என்று அவர் சொன்ன கீழெல்லை என்பது தெரியும். புழுக்கள் தள்ளிய மண்ணைச் சேகரித்து எடைபோட்டதில் கிடைத்தவை ஏக்கருக்கு 7.5 டன்னிலிருந்து 18 டன் வரை போகின்றன. பழைய வளைகள் இடிந்து அமுங்குவதாலும் மேலே கிடப்பது கீழே இறங்கும் என்கிறார். ஒரு வகுத்தல் கணக்கு நூலின் பாதிச் சாரத்தைத் திறந்து காட்டிவிடுகிறது. 1, 2, 3 அத்தியாயங்களைப் படித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்துக்குத் தாவலாம். புதையுண்ட பழங்காலக் கட்டடங்களைப் பற்றிய 4-ஆம் அத்தியாயம் அளவுகள் அடுக்கியது, பொறுமை இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படித் தாவுவதை அவமரியாதை என்று நினைப்பவர்கள்தாம் 4-ஆம் அத்தியாயத்தில் நூலை மூடிவிடுகிறார்கள்.

பொறியியல் பக்கம் தலைவைத்தே படுக்காதவர்களுக்கு ஜே. ஈ. கார்டன் 1978-ல் எழுதிய நூல் ஒன்று உண்டு. 'கட்டமைப்புகள்: பொருள்கள் ஏன் விழாமல் நிற்கின்றன' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நடை சரளம், கேலியும் உண்டு. ஆனால் இரண்டு சொற்களை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரு பக்கமும் நகராது. அவை தகைவு, திரிபு. ஒரு பரப்பில் எவ்வளவு விசை தாங்கப்படுகிறதோ அதை அந்தப் பரப்பால் வகுத்தால் தகைவு. நீண்ட அளவைப் பழைய நீளத்தால் வகுத்தால் திரிபு, அதற்கு அலகே கிடையாது. நம் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் தகைவுக்கும் 'அழுத்தம்' என்றே போட்டுவிடுகிறார்கள். அதன் விளைவைப் பார்க்க ஒரு கணக்கு போதும்.

உள்ளே அழுத்தம் நிறைந்த ஒரு குழாய். ஆரம் 50 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 2 மில்லிமீட்டர், உள்ளழுத்தம் 1 மெகாபாஸ்கல். குழாயைக் குறுக்கே வெட்டியதாகக் கற்பனை செய்தால், இரு துண்டுகளையும் பிரிக்கப் பார்க்கும் விசை வட்டப் பரப்பு முழுவதிலும் விழுகிறது, தாங்குவது வட்ட விளிம்பு. கணக்கிட்டால் தகைவு 12.5 மெகாபாஸ்கல். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததாக வைத்தால் தாங்குவது இரு பக்கச் சுவர்கள் மட்டும், தகைவு 25. சரியாக இரு மடங்கு. அதனால்தான் உள்ளழுத்தம் மிஞ்சிய குழாய் நீளவாக்கில் பிளக்கிறது. இதை 'அழுத்தத்தால் குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம்' என்று எழுதினால் எது உள்ளே, எது சுவரில் என்று யாருக்கு விளங்கும்? நூலில் வரும் 'சதுர மீட்டருக்கு மெகாநியூட்டன்' என்ற அலகு வேறொன்றுமில்லை, மெகாபாஸ்கல்தான். பின்னிணைப்பில் உள்ள சூத்திரங்கள் கட்டுமானம் செய்கிறவர்களுக்கு. அவற்றைத் தொடாமலே நூலை முடிக்கலாம்.

இனி, மிக எச்சரிக்கையோடு பரிந்துரைக்க வேண்டிய வகை. எர்வின் ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியலாளர் 1943-ல் டப்ளினில் நிகழ்த்திய உரைகள் 1944-ல் 'உயிர் என்றால் என்ன?' என்ற சிறு நூலாயின. துறைக்கு வெளியே படித்தவர் மட்டுமல்ல, துறைக்கு வெளியே எழுதியவர். தன் துறையைத் தாண்டி எழுதுவதற்கு முன்னுரையிலேயே மன்னிப்பும் கேட்கிறார். மரபுச் செய்தி ஒருவகைப் படிகம்போல, ஆனால் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வராத படிகமாக, இருக்க வேண்டும் என்ற அவருடைய யோசனை, 1953-ல் டி.என்.ஏ.யின் வடிவம் கண்டுபிடிக்கப்படுமுன் எழுதப்பட்டது என்பதை நினைத்துப் படித்தால் வியப்பு அடங்காது. ஆனால் அதே நூலில் மனிதனின் குரோமோசோம்கள் 48 என்று இருக்கும். அன்று அதுதான் பாடம். ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 1956-ல்தான் 46 என்று திருத்தினார்கள். உயிரியல் தெரிந்தவர் புன்னகைத்துவிட்டுக் கடந்துபோவார், தெரியாதவர் 48-ஐ மனப்பாடம் செய்துவிடுவார்.

6-ஆம் அத்தியாயத்தில் உயிர் 'எதிர்மறை எந்திரோப்பி'யை உண்டு வாழ்கிறது என்கிறார். எந்திரோப்பி என்பது ஒழுங்கின்மையின் அளவு. அந்தச் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு மேடையில் பேசுகிறவர்கள், அத்தியாயத்தின் இறுதியில் அவரே சேர்த்த குறிப்பைப் பார்ப்பதில்லை. இயற்பியலாளர்களுக்காக மட்டும் எழுதியிருந்தால் 'கட்டற்ற ஆற்றல்' (வேலை செய்யப் பயன்படும் ஆற்றல்) என்றே பேசியிருப்பேன் என்கிறது அந்தக் குறிப்பு. பழைய நூல்களில் வரும் எண்ணிக்கைகளையும் பெயர்களையும் இன்றைய மேல்நிலைப் பள்ளிப் பாடநூலோடு ஒருதரம் ஒத்துப் பார்ப்பது நல்லது. பாடநூலைத் தொடுவது தகுதிக்குக் குறைவு என்று படித்தவர்கள் நினைப்பதுதான் விசித்திரம். புதிய துறைக்குள் நுழைய அதைவிட மலிவான வாசல் கிடையாது.

கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே ஒரு நூலைப் பத்து நிமிடத்தில் ஓரளவு எடைபோட முடியும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, கையில் இருப்பது மறுஅச்சா, திருத்திய பதிப்பா என்று பார்க்க வேண்டும். மறுஅச்சு என்றால் அட்டை மட்டும்தான் புதிது. பிறகு கடைசிப் பக்கங்கள். ரேச்சல் கார்சன் 1962-ல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி எழுதிய நூலின் முடிவில் ஆதாரப் பட்டியல் மட்டும் 50 பக்கத்தைத் தாண்டும். சரிபார்க்க விரும்புகிறவருக்கு அங்கே வழி திறந்திருக்கிறது. சொல்லடைவே இல்லாத நூலில், 80-ஆம் பக்கத்தில் மறந்துபோன சொல்லைத் தேடி அலைய வேண்டியதுதான். முதல் அத்தியாயத்தைப் படித்து முடிவுசெய்வதில் பயனில்லை, அதை எல்லோரும் மெருகேற்றித்தான் வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து புரியாத சொற்களை எண்ண வேண்டும். இரண்டு மூன்று என்றால் துணிந்து எடுக்கலாம். ஏழெட்டு என்றால் அதற்குமுன் வேறொரு நூல் தேவை.

எழுதியவர் யார் என்பதும் முக்கியம். புள்ளிவிவரங்களை வைத்து எப்படி ஏமாற்றலாம் என்று 1954-ல் டாரெல் ஹஃப் எழுதிய சிறுநூல் இன்றைக்கும் விற்கிறது. அவர் புள்ளியியலாளர் அல்லர், பத்திரிகையாளர். 1965-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் புகையிலைத் தொழிலின் சார்பில் சாட்சியம் சொன்னவரும் அவரே. அதனால் நூலில் சொன்ன சராசரியும் இடைநிலையும் பொய்யாகிவிடாது. ஆனால் எல்லாப் புள்ளிவிவரத்தையும் சந்தேகி என்ற தொனி எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்க இந்தச் செய்தி உதவும்.

தமிழில் படிக்கும்போது ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. உயிரணு, செல், கலம் மூன்றும் ஒன்றேதான், மூன்று நூல்களில் மூன்று பெயர். நேர்மாறாக விசை, ஆற்றல், திறன் மூன்றும் பேச்சு வழக்கில் ஒன்றுபோலத் தோன்றும், இயற்பியலில் வெவ்வேறு. ஒரு தாளை நான்காக மடித்து, ஒரு கட்டத்தில் சொற்கள், ஒன்றில் ஆள்பெயர்கள், ஒன்றில் அலகுகள், மற்றதில் சந்தேகங்கள் என்று பக்க எண்ணோடு குறித்து நூலுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகும். மஞ்சள் மையால் பக்கம் முழுக்கத் தீட்டுவது வீண், எல்லாமே முக்கியம் என்றால் எதுவும் முக்கியமில்லை என்றாகிறது. அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவிட்டு மூன்று வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கடைசிப் பத்துப் பக்கங்களைக் கண் மட்டும்தான் படித்திருக்கிறது.

சொற்களைவிடப் பொல்லாதது நம் துறைக் கண்ணாடி. பொறியாளர் உயிரியலைப் படிக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் யாரோ திட்டமிட்டு வரைந்த பாகமாகவே பார்ப்பார். 'இயற்கைத் தேர்வு' என்ற சொல்லும் அதற்குத் துணைபோகும், தேர்ந்தெடுக்கும் ஆள் ஒருவர் இருப்பதுபோல. சட்டம் படித்தவர் வரலாற்று நூலில் 'தீர்ப்பு' தேடுவார். அறிவியல் படித்தவர் கவிதை நூலில் கருத்தை உருவியெடுத்துவிட்டுச் சக்கையைப் போட்டுவிடுவார், உயிர் அந்தச் சக்கையில் இருந்திருக்கும். இதற்கு நேரான மருந்து எதுவும் இல்லை. 'இதை என் துறையில் இப்படிச் சொல்வோம்' என்று தோன்றும் இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்து, நூல் முடிந்தபின் அந்தக் குறிகளுக்கு மட்டும் திரும்பிப் போவது ஓரளவு பயன் தரும்.

பயன் என்றதும் டார்வின் மறுபடி நினைவுக்கு வருகிறார். 1838 அக்டோபரில் மால்தஸின் மக்கள்தொகை பற்றிய நூலைப் பொழுதுபோக்காகத்தான் படித்தேன் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இயற்கைத் தேர்வு என்ற யோசனைக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. மால்தஸ் நூலின் முதல் பதிப்பு 1798-ல் வந்தது, டார்வின் படித்தது 1826-ன் ஆறாம் பதிப்பு. ஆனால் அவர் அதற்குமுன் 15 மாதங்களாக அதே சிக்கலை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அயல்துறை நூல் ஒன்றைப் படித்த உடனே ஞானோதயம் வரும் என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்ததால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த முறை கேள்விகளை அனுப்பும்போது இன்னும் மூன்றைச் சேர்க்க வேண்டுகிறேன்: எந்தப் பதிப்பைப் படித்தீர்கள், எந்த அத்தியாயத்தில் திணறினீர்கள், இதற்குமுன் எதைப் படித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பாதியில் விட்ட நூலையும் காரணத்தோடு சொல்ல அனுமதியுங்கள், வாசகருக்கு அது அதிகம் உதவும். இடம் போதாது என்றால் இருபது நூல்களுக்குப் பதில் ஆறு போடுங்கள். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் கட்டாயம் அச்சிடுங்கள். இந்த ஆண்டுப் பட்டியலில் ஒரு நூலுக்கும் அது இல்லை. ஒரே தலைப்பில் முழு நூலும் சுருக்கப் பதிப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. பெயர் தெரியாமல் கேட்கிறவர் கையில் வருவது பெரும்பாலும் சுருக்கம்தான், அட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்